ஓட்டுநர் இல்லாத ரயிலும் உளி பிடித்த கையும்



சென்ற பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். புக்கிட் பாஞ்சாங்கில் என் பழைய மாணவி ஒருத்தி அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். பெயர் வேண்டாம், கூச்சப்படுவாள். தாயார் எங்கள் தோட்டத்துச் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். முதல் வகுப்பில் என் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழகிய பிள்ளை, இன்று ஒரு தொழிற்சாலையில் தானியங்கி இயந்திரங்களைப் பொருத்திப் பழக்கும் பொறியாளர்.

நான் புறப்படும் அன்று அந்தத் தாயார் வழிமறித்தார். "வாத்தியாரே, பத்துப் பேரு வேலைய ஒரு மிசினு செய்யுதாம். அந்த மிசினத்தான் எம்மவ ஓட்ட வைக்கிறாளாம். இது பாவமில்லீங்களா? ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார். மூட்டை முடிச்சோடு அந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டு போனேன்.

புக்கிட் பாஞ்சாங் என்றால் மலாய் மொழியில் நீண்ட குன்று. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்த வட்டாரம். இன்று வானளாவிய வீவக வீடுகள். அவற்றின் நடுவே, தூண்கள்மீது, 1999 நவம்பர் 6 முதல் சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஓட்டுநர் கிடையாது! முன் கண்ணாடி அருகே நின்றால் தண்டவாளம் தானே நம்மை நோக்கி ஓடி வருவது போலிருக்கும். வீடுகளை ஒட்டிப் போகும்போது, ரயிலின் கண்ணாடி தானாகவே பனி படர்ந்தது போல் மங்கிவிடும். அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாதாம்! நம் லயங்களில் சில மனிதர்களுக்கும் இப்படியொரு கண்ணாடி மாட்டினால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

நிற்க. அவள் போய் வந்த மாநாட்டுக்கு வருகிறேன்.

ஜெர்மனியில் ஹன்னோவர் என்ற நகரில் 1947 முதல் பெரிய தொழிற்கண்காட்சி ஒன்று நடந்து வருகிறது. அதைச் சேர்ந்த கண்காட்சியும் மாநாடும் 2018 அக்டோபரில் சிங்கப்பூர் எக்ஸ்போ மண்டபத்தில் தொடங்கின. கணினியும் இயந்திரமும் கைகோத்தால் ஆலைகள் எப்படி மாறும் என்பதைக் காட்டும் இடம். அங்கேதான் போயிருக்கிறாள்.

"என்னம்மா பார்த்தாய்?" என்றேன்.

"எல்லாரும் இயந்திரக் கையைப் படம் பிடிச்சாங்க சார். நான் ஒரு தாளில் மூணு கேள்வி எழுதிக்கிட்டுப் போனேன். இது நின்னு போனா யார் எழுப்புவாங்க? பழைய இயந்திரத்தோட ஒத்துப் போகுமா? இதைப் பழகிக்க எங்க ஆளுங்களுக்கு எத்தனை நாள் ஆகும்? முதல் ரெண்டுக்கும் பதில் சுலபமாக் கிடைச்சது. மூணாவதைக் கேட்டதும் விற்க வந்தவரே யோசிச்சார்."

சந்தைக்குப் போகிறவள் கையில் சாமான் பட்டியல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வருவாள். மாநாட்டுக்கும் அதே கணக்குத்தான் போலும்!

பிறகு தாயாரின் கேள்வியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"எங்க ஆலையில் பெட்டி அடுக்க ஓர் இயந்திரக் கை வந்தது. அதுக்கு முன்னால மூணு அக்காமார் அந்த வேலையைப் பார்த்தாங்க. அவங்களுக்கே பயிற்சி கொடுங்கன்னு நான் மேலாளர்கிட்டப் போய் நின்னேன். ரெண்டு பேர் பழகி, இன்னிக்கு அந்த இயந்திரத்தையே பார்த்துக்கிறாங்க. மூணாவது அக்காவுக்கு வயசு அம்பதுக்கு மேல. 'எனக்கு இந்தப் பொத்தானெல்லாம் வராது பாப்பா'ன்னு சொல்லிட்டு நின்னுட்டாங்க. அவங்க முகம் இன்னும் மனசுல இருக்கு சார்."

நான் என்ன சொல்ல? வாத்தியாருக்கும் சில சமயம் வாய் அடைத்துப் போகிறது.

மறுநாள் தேக்காவுக்குச் சாமான் வாங்கப் புறப்பட்டோம். 2015 டிசம்பர் 27-இல் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தேக்காவுக்கு நேர் ரயில் வந்துவிட்டது. 2017 அக்டோபர் 21 முதல் அதே பாதை எக்ஸ்போ வரை நீண்டது. அதிலும் ஓட்டுநர் இல்லை. "ஆளே இல்லையா?" என்றேன். சிரித்தாள். "ஓட்டுநர்தான் இல்லை சார். கட்டுப்பாட்டு அறையில் இரவு பகலாக் கண் விழிச்சுப் பார்க்கிறவங்க இருக்காங்க. ரயில் ஓடாத நேரத்துல தண்டவாளத்தில் இறங்கிப் பழுது பார்க்கிறவங்க இருக்காங்க. தானாக ஓடுறதுக்குப் பின்னால எத்தனையோ கை இருக்கு."

வழியில் ஒரு நிலையம், பூமலை. என் மனம் அங்கேயே இறங்கிவிட்டது. வாசகர்களே, நம் கதை அந்தத் தோட்டத்தில்தான் தொடங்கியது! 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் பூமலைக்குத் தலைவராக வந்த ரிட்லி என்ற துரை, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890-களில் கண்டார். அந்த முறையை நாடெங்கும் மலைச்சரிவுகளில் நிறைவேற்றியவை யார் கைகள்? விடியுமுன் உளி பிடித்த நம் தாத்தா பாட்டிமாரின் கைகள். துரை பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கைகளின் பெயர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது, காரல் சாப்பெக் என்ற செக் நாட்டு எழுத்தாளர் 1920-இல் எழுதிய ஒரு நாடகம். அந்தச் சொல்லின் மூலம் 'ரோபோட்டா'. பொருள் என்ன தெரியுமா? ஆண்டைக்குச் செய்ய வேண்டிய கட்டாய ஊழியம்! அந்த ஊழியம் எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முதுகொடியும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் அழ வேண்டாம். அந்த முதுகுக்குரியவரை வெறுங்கையோடு அனுப்பினால்தான் அது பாவம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது நம்மில் பலர் சொல்லாமல் கொள்ளாமல் பட்டணத்து ஓரங்களில் தள்ளப்பட்டோம். இனி வரும் மாற்றத்துக்கும் அப்படியே காத்திருக்கலாமா? உடைந்த வானொலியைப் பிள்ளை பிரித்துப் பார்த்தால் அடிக்காதீர்கள். கணக்கு வராது என்று நீங்களே முத்திரை குத்தாதீர்கள். ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்டான் என்றால் வீட்டில் குந்த வைக்காதீர்கள். போலிடெக்னிக் இருக்கிறது, அட்டெக் போன்ற அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. விண்ணப்பத் தாளை நிரப்பத் தெரியவில்லையா? உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டு போங்கள். அதற்குத்தானே இருக்கிறோம்?

ஊர் திரும்பியதும் தாயாரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு பேரு பொழச்சுக்கிட்டாங்க, சந்தோசம். அந்த மூணாவது அக்கா என்ன ஆனாங்கன்னு கேட்டீங்களா வாத்தியாரே?" என்றார்.

நான் கேட்கவில்லை. அன்றிரவே மாணவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த அக்காவின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறாள். "பொத்தானைப் பொறுமையா நான் கத்துத் தரேன் அக்கா" என்று சொல்லியிருக்கிறாள். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால், தேநீர் கொடுத்து, மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.