எப்போது நிற்கிறது?

இம்மாதம் நமக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வீட்டில் இணையம் நின்று நின்று வருகிறது என்னும் முறையீடுகளே. ரவுட்டரின் பெயர், மாதக் கட்டணம், வந்து பார்த்த ஊழியர் சொன்ன சமாதானம் ஆகிய எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். எந்த நேரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அந்த ஒரு விவரத்தைக் கவனியாமல் விட்டதால் எங்கள் குடும்பத்திலேயே ஒரு மனத்தாங்கல் ஆறு மாதம் நீடித்தது.

என் பெரியம்மாவுக்கு இரண்டு புதல்வர்கள். மூத்தவர் சிங்கப்பூரில் பணியாற்றுகிறார். இளையவர் ஊரிலேயே கடை வைத்திருக்கிறார். மூத்தவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்ப இரவு பத்து மணியாகும். அப்போது நமக்கு ஏழரை மணி. நாள் தவறாமல் தாயாரை வீடியோவில் அழைத்துப் பேசுவார். பத்து நிமிடம் நலமாகவே செல்லும். அதன்பின் படம் உறைந்து நிற்கும். குரல் அறுந்து அறுந்து வரும். முடிவில் அழைப்பே துண்டிக்கப்பட்டுவிடும். இரண்டொரு முறை முயன்றுவிட்டு, களைப்பில் அவரும் உறங்கிவிடுவார்.

பெரியம்மா இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார். “வீட்டு மராமத்துப் பேச்சை எடுத்தா உடனே அறுந்துபோகுது தம்பி. அவனேதான் கட் பண்ணிடறான்” என்று என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். முதல் பத்து நிமிடம் நலம் விசாரிப்பதில் போகும். அதற்குப் பின்தான் ஒழுகும் கூரையைப் பற்றிய பேச்சு வரும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அழைப்பு அறுவதில்லை. அன்று பேரக்குழந்தைகள் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வதால் பணப்பேச்சு எழுவதில்லையாம்! அவருடைய ஐயத்துக்கு எல்லாமே பொருந்தி வந்தன. மூத்தவரோ, தாம் அனுப்பும் பணத்தில் மிச்சம் பிடிப்பதற்காகத் தம்பி மட்டமான இணைப்பை வாங்கிவிட்டார் என்று எண்ணிக்கொண்டிருந்தார். சகோதரர் இருவரும் பேசிக்கொள்வதும் குறைந்துபோயிற்று.

இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் ஊழியர் மூன்று தடவை வந்து சோதித்தார். மூன்று முறையும் காலை பதினொரு மணிக்கு! ஒரு குறையும் தென்படவில்லை. ரவுட்டரை மாற்றினார்கள். பெரியம்மாவுக்குப் புதிய கைப்பேசியும் வாங்கிக் கொடுத்தார்கள். அப்படியும் அழைப்பு அறுவது நிற்கவில்லை.

நான் செய்தது மிகச் சிறிய காரியம். இளைய மருமகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, அழைப்பு அறும் நேரத்தையும் அப்போது வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் ஏழு நாட்களுக்குக் குறித்து வைக்கச் சொன்னேன். ஆறு நாட்கள் 7.40க்கும் 7.50க்கும் இடையே அறுந்திருந்தது. வெள்ளியன்று இல்லை. அந்த ஆறு நாட்களின் குறிப்பிலும் ஒரு வரி மாறாமல் இருந்தது: “அவர் கடையிலிருந்து வந்தார். ஆணம் சூடாக்கினேன்.” வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை. மாலையிலேயே எல்லோரும் சேர்ந்து உண்டுவிடுவார்கள்.

சமையலறைக்குச் சென்று பார்த்தேன். மைக்ரோவேவ் அடுப்புக்கு நேர் மேலே, ஒரு முழ உயரத்தில், ரவுட்டரைச் சுவரில் பொருத்தியிருந்தார்கள்.

வைஃபை பெரும்பாலும் இரு அலைவரிசைகளில் இயங்குவதை அறிவீர்கள். அவற்றுள் பழையது 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சூடாக்குவதும் ஏறத்தாழ அதே 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையால்தான். அடுப்பினுள் எழும் ஆற்றல் எண்ணூறு, ஆயிரம் வாட் அளவில் இருக்கும். ரவுட்டர் வெளியிடுவதோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. அடுப்பின் கதவிடுக்கில் கசியும் மிகச் சொற்ப அலையே அதன் பேச்சை அமுக்கிவிடப் போதுமானது. (இந்தக் கசிவு உடலுக்குக் கேடு என்று அஞ்சி அடுப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கதவு வளைந்தோ கீல் உடைந்தோ இருந்தால்தான் அதைப் பயன்படுத்தக் கூடாது.)

ஐயத்தை உறுதி செய்துகொள்ளாமல் எதையும் மாற்றவில்லை. பெரியம்மாவின் கைப்பேசிக்கு அடுத்த அறையிலிருந்து நானே வீடியோ அழைப்பு விடுத்தேன். அடுப்பில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து இயக்கச் சொன்னேன். படம் உறைந்தது. அடுப்பை நிறுத்தியதும் சரியாயிற்று. மும்முறை செய்தும் அதே விளைவுதான். சோதிக்க விரும்பும் அன்பர்கள் தண்ணீர் வைத்தே சோதிக்கவும். வெற்று அடுப்பை இயக்கினால் அது கெட்டுப்போகும்.

5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டாம் அலைவரிசைக்கு மாறிக்கொண்டால் அடுப்பின் தொல்லை இராது. ஆனால் அந்த அலை சுவர்களை ஊடுருவுவதில் சற்றுப் பலம் குறைந்தது. பெரியம்மாவின் வீடோ சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்களைக் கொண்டது. சமையலறையிலிருந்து அவருடைய அறைக்கு அது எட்டவில்லை. எனவே ரவுட்டரை நடுக்கூடத்துக்கு மாற்றி, கைப்பேசியை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தோம். அன்றிரவு கூரைப் பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது. மூத்தவர் பாதிச் செலவுக்கு ஒப்புக்கொண்டார். மீதிப் பாதியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தகைய அடுப்பிடம் ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னுமிடத்தில் 64 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1998 முதல் அதில் இனம் தெரியாத சில குறிகள் அவ்வப்போது பதிவாகி வந்தன. ‘பெரிட்டான்’ என்று அவற்றுக்குப் பெயரும் சூட்டினார்கள். அவை வேலை நேரத்தில், அதிலும் பகலுணவு வேளையையொட்டியே மிகுதியாக வந்தன. வானத்துக்கு ஏது பகலுணவு வேளை? 2015-இல் எமிலி பெட்ராஃப் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உண்மையைக் கண்டறிந்தனர். நிலையத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு நிற்பதற்கு முன்பே அதன் கதவைத் திறந்தால், அந்தக் கணத்தில் வெளிப்படும் அலையே தொலைநோக்கியில் பதிவாயிற்று!

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபர்ஹோசன் என்னும் சிற்றூரில் நடந்ததும் இவ்வகையே. பதினெட்டு மாதங்களாக நாள்தோறும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் பிராட்பேண்ட் தடுமாறிற்று. தரையடிக் கம்பிகளை மாற்றியும் பயனில்லை. இறுதியில் பொறியாளர்கள் அலைகளை அளக்கும் கருவியுடன் விடியற்காலை ஆறு மணிக்கே மழையில் நடந்து தேடினார்கள். ஏழு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து பெரிய இரைச்சல் அலை எழுந்தது. அவ்வீட்டார் அப்போதுதான் தம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போடுவாராம். செய்தி 2020-இல் வெளிவந்தது. தம்மால் ஊரே அல்லலுற்றதை அறிந்து நாணிய அவர், அதை இனிப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இனி, ஒரு சகோதரியின் கடிதம். நேரத்தை ஓரளவு கவனித்து எழுதியவர் இவர் ஒருவரே, பாராட்டுகள். இரவில் கம்ப்யூட்டரின் சுவிட்சைச் சுவரிலேயே அணைத்துவிடுவாராம். காலையில் இயக்கினால், “உங்கள் இணைப்பு பாதுகாப்பானதன்று” என்று கூறி எந்த இணையதளமும் திறக்க மறுக்கிறதாம். அதே வைஃபையில் கைப்பேசி மட்டும் நன்கு இயங்குகிறதாம். யாரோ வைரஸ் புகுத்திவிட்டார்கள் என்று, உறவுக்காரப் பையன் ஒருவனை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லையாம்.

சகோதரியே, திரையின் மூலையில் உள்ள தேதியை முதலில் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் இருக்கும் என்றே எண்ணுகிறேன். கணிப்பொறியின் தாய்ப்பலகையில் ரூபாய் நாணயம் போன்ற வட்டமான பேட்டரி ஒன்று உண்டு. சிஆர் 2032 என்பது அதன் எண், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். இணையதளங்கள் காட்டும் சான்றிதழ்களுக்கு, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று ஒரு கெடு உண்டு. கம்ப்யூட்டர் தன் தவறான தேதியுடன் அதை ஒப்பிட்டு, இந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று தள்ளிவிடுகிறது. தேதியைக் கையால் திருத்திப் பாருங்கள். தளங்கள் திறந்தால் அதுவே காரணம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள். அந்தப் பையனையும் வீட்டுக்கு அழையுங்கள்.

மற்றோர் அன்பர் கம்பி வழி இணைப்பின் வேகம் நூறு எம்பிக்கு மேல் ஏறவில்லை என்கிறார். பெருநாளுக்கு வெள்ளையடித்த பிறகுதானா என்று நினைவுபடுத்திப் பார்க்கட்டும். அந்தக் கம்பியினுள் எட்டு இழைகள் உண்டு. நூறுக்கு நான்கு போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். ஏணி மிதித்து ஓர் இழை அறுந்தாலும் இணைப்பு ஓசையின்றி நூறுக்கு இறங்கிவிடக்கூடும். வேறு கம்பியைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்த மாதத்துக்கு எழுதுவோர், பழுது நேரும் மணியையும் அது தொடங்கிய நாளையும் தவறாமல் குறிப்பிடுக. அந்த வாரத்தில் வீட்டில் புதிதாக என்ன வாங்கினீர்கள், எதை இடம் மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.