ஊண் மறுக்கும் தாடி ஓணான்

அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களுக்குரிய தாடி ஓணான் நம் வேலியோரத்து ஓணானுக்கு உறவினது. அந்நாட்டிற் பல இல்லங்களிற் பிள்ளைகள் இதனை விரும்பி வளர்ப்பர். நேற்றுவரை பூச்சிகளை ஆவலோடு விழுங்கிய குட்டி இன்று வாய் திறவாதிருப்பின், வற்புறுத்திப் புகட்டுதல் ஆகாது. முதலில் நோக்கவேண்டியது உணவையன்று, வெப்பத்தையே. ஊர்வன வெளிச்சூட்டைக் கொண்டே உடலைச் சூடாக்குவன. அச்சூடு குறையின் உண்டது செரியாது. ஆதலால், கூட்டில் விளக்கின் கீழ் அது சூடு காயும் இடம் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பமுடையதாயிருத்தல் வேண்டும்.

தோலுரிக்கும் நாட்களிலும் பசி குறைவதுண்டு. வளர வளரப் பூச்சியைக் குறைத்து இலையை மிகுதியாக உண்ணும். இவை இயல்பே. ஆயினும், வளரும் குட்டியை வாரந்தோறும் நிறுத்துப் பார்த்தல் நன்று. எடை குறையுமாயின் காத்திராது மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுக. வாயில்லாப் பிராணி தன் நோயை வேறெவ்வாறு உரைக்கும்?