கொதிக்கும் ரேடியேட்டரைத் திறக்காதீர்கள்!

''உழவு ஓட்டும்போது டிராக்டர் இன்ஜின் அடிக்கடி சூடாகிறது. உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்து போர் தண்ணீர் ஊற்றலாமா?''
- வாசகர், மணப்பாறை.

''கூடவே கூடாது. சூடான ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால், உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். இன்ஜினை நிறுத்தி, ரேடியேட்டர் நன்றாக ஆறிய பிறகு, கெட்டித் துணி போட்டு மூடியை மெல்லத் திருகுங்கள். போர் தண்ணீரில் உள்ள உப்பு படிந்து உள்குழாய்களை அடைக்கும். டிராக்டர் கையேட்டில் சொன்ன கூலன்ட்டை, சொன்ன அளவில் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டரின் முன்புறம் அடைத்திருக்கும் தூசி, பதரைச் சுத்தம் செய்யுங்கள். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கூலன்ட் இனிப்பான விஷம். சிந்தினால், ஆடு, மாடு, நாய் நக்குவதற்குள் மண் போட்டு அள்ளிவிடுங்கள்.''