வார்டில் எழும் சினம்

நம் பங்குக் குடும்பங்களில் நர்சாகவும் ஆயாவாகவும் மருத்துவமனைகளில் பணிபுரிவோர் பலர். நோயாளியின் சிடுசிடுப்பையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் இவர்கள், உடன் பணிபுரிபவரின் ஒரு சொல்லைப் பொறுக்க இயலாமல் வீடு திரும்புவதுண்டு.

இது புதிய நோயன்று. 1571இல் உரோமை நகரின் சான் ஜியாகோமோ மருத்துவமனைக்குக் கமில்லஸ் என்னும் இளைஞர், காலில் ஆறாப் புண்ணுடன் வந்தார். சிகிச்சை பெற்றுக்கொண்டே அங்குப் பணியாளாகவும் இருந்தார். சூதாட்டமும் சண்டைக் குணமும் அவரை விட்டபாடில்லை. சில மாதங்களில் வெளியேற்றப்பட்டார். 1575இல் மனந்திரும்பிய பின், அதே மருத்துவமனைக்கு மீண்டு வந்து மேற்பார்வையாளராகவே உயர்ந்தார். நோயாளருக்கு ஊழியம் புரியும் துறவற சபையையும் நிறுவினார். 1886இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், இறைவனின் புனித யோவானோடு இவரையும் நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். விரட்டப்பட்ட சண்டைக்காரர் பாதுகாவலர்! திருச்சபைக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

பூசல் பெரும்பாலும் பணி மாறும் வேளையில் மூளுகிறது. இரவெல்லாம் நின்று களைத்தவர் ஒருவர். குளுக்கோஸ் பாட்டில் மாற்றிய நேரத்தை ஏன் எழுதவில்லை என வினவுபவர் மற்றவர். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்னும் சொல் வந்துவிட்டால் பாட்டில் மறக்கப்படும், ஆளே வழக்காகிவிடுவார். நடந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். குரலைத் தாழ்த்துங்கள், தாழ்ந்த குரலுக்கு எதிரே நெடுநேரம் கத்துவது கடினம். நோயாளியின் கட்டிலருகே வேண்டாம். சகோதரனைத் தனித்திருக்கையில் திருத்துமாறு மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பணித்ததன் நுட்பம் இங்கு விளங்கும். பதில் கூறுமுன், அவர் கூறியதை நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பாதிச் சண்டை தவறாகக் கேட்டதால் வந்ததே.

மூச்சைக் கவனித்து மனத்தை நிறுத்தும் பயிற்சியை இந்நாளில் மருத்துவ ஊழியர்க்குக் கற்பிக்கின்றனர். நம் பாட்டிமார் சொல்லிவந்த மனவல்லய செபம் அதுவன்று. எனினும் சினத்திற்கும் சொல்லுக்கும் இடையே சற்று இடைவெளி தருவதில் இரண்டும் உதவும். நாள் முழுதும் கை கழுவும் நர்சுக்கு அதற்கெனத் தனி நேரமும் வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயடியே போதும்.

நிர்வாகத்தினரே, ஆறு பேர் வேலையை மூவர் மேல் சுமத்திவிட்டுப் பொறுமையைப் போதிப்பது நியாயமன்று. இளையவரை இழித்துப் பேசும் மூத்தவரை வாய்மூடிப் பொறுக்கவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மேலிடத்திற்கு எழுதித் தெரிவிப்பது புறணியாகாது. வீட்டிலுள்ளோர், டியூட்டி முடிந்து வரும் மகளிடம் கேள்வி எதுவும் தொடுக்காமல் முதலில் சோறிடுங்கள்.