கொப்பரைக்கு யார் முதலாளி?

மேலாண்மைப் பாடத்தில் சந்தை என்றால் வாங்குகிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர். கார் நிக்கோபாரில் அந்தப் பாடம் பாதியிலேயே தடுக்கி விழும். சோழர் கல்வெட்டு மாநக்கவாரம் என்று சொல்லும் நிக்கோபார் தீவுகளில் தென்னந்தோப்பு தனி ஆளுக்குரியதல்ல. ‘துஹெட்’ என்னும் கூட்டுக் குடும்பத்துடையது. கொப்பரையைக் கொடுத்து அரிசி, சர்க்கரை, துணி வாங்குவார்கள். பன்றிக்கும் தேங்காய்தான் தீனி. (அதை எந்தக் கணக்காளர் எந்தத் தலைப்பில் எழுதுவார்?) அதே தீவுக்கூட்டத்தின் டிரிங்கெட் தீவில் இந்த வாழ்க்கையை சிம்ரன் ஜித் சிங் என்ற ஆய்வாளர் 2004 சுனாமிக்கு முன்பே அளந்து எழுதிவிட்டார். படித்தவர்கள் எத்தனை பேரோ! சுனாமிக்குப் பின் வந்த நிவாரணம் துஹெட்டைக் கண்டுகொள்ளவில்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று சிறு குடும்பங்களாகப் பிரித்துப் பட்டியல் எழுதி, இழப்பீட்டை வங்கிக் கணக்கில் போட்டது. கூட்டுச் சொத்துக்குள் ‘என் பணம்’ நுழைந்தது அப்படித்தான். என்னைக் கேட்டால், அலை விட்டுவைத்ததைப் படிவம் பிரித்தது. நிர்வாகவியல் ஆய்வுக்காகத் தீவுக்குக் கப்பலேறும் மாணவர்களே, வினாப்பட்டியலை அச்சடிக்கும் முன் துஹெட்டின் மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.