முகம் காட்டாத சனலில் காசு வருமா?



போன எபிசோடில் குழந்தை வளர்ப்புச் சனல்களைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் கதைத்தோம். "எந்த நீஷைப் பிடிச்சால் காசு வரும்?" என்ற கேள்விக்கு நான் அவசரமாக, "பிள்ளையின்ர முகம் நல்லா ஓடும், ஆனா நான் செய்யமாட்டன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குத் தாவிவிட்டேன். பிறகு வந்த மெசேஜ்களில் பாதி, "ஏன் செய்யமாட்டீங்கள்? எங்களிட்ட இருக்கிறதே அதுதானே" என்ற மாதிரி. நியாயமான கேள்வி. மைக்கில் இரண்டு வரியில் சொல்ல ஏலாத பதில், அதனால் எழுதுகிறேன்.

செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டு கொன்ட்ராக்ட்டுக்கு நடுவில் மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். மனைவி இரண்டாவது பிள்ளைக்கான விடுமுறையில். அந்த இடைவெளி எப்படியிருக்கும் என்று கொன்ட்ராக்டர்களுக்குத் தெரியும்: முதல் இரண்டு கிழமை சந்தோசம், அதுக்குப் பிறகு லிங்க்ட்இனை மணிக்கொரு தரம் திறந்து மூடுகிற வியாதி. சும்மா இருக்காமல் ஒரு சனல் தொடங்குவோம் என்று தொடங்கினோம். கார் சீட் பூட்டுவது எப்படி, பிள்ளையை நித்திரையாக்குவது எப்படி என்று எல்லாரும் போடுகிற அதே வீடியோக்கள். பார்த்தவர்கள் பெரும்பாலும் எங்கட சொந்தக்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரோவில் மாமி வீட்டில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தா. எங்கள் அஞ்சு வயசு மகள் பக்கத்தில் நின்று, "அம்மம்மா, தேங்காய்ப்பூ காணாது, இன்னும் போடுங்கோ!" என்று அதட்டினாள். 40 செக்கன். அதைப் போட்ட இரவு, மற்ற வீடியோ எல்லாத்தையும் கூட்டினாலும் வராத பார்வைகள் வந்தன. நாலாம் நாள், பிள்ளைகளுக்கான தின்பண்டம் விற்கிற ஒரு கொம்பனியிடமிருந்து ஈமெயில். நாலு வீடியோ வேண்டும், ஒவ்வொன்றிலும் முதல் மூன்று செக்கனுக்குள் பிள்ளையின் முகம் வரவேண்டும். தொகை என்னுடைய இரண்டு நாள் ரேட்டுக்குச் சமம். ஓம் என்று சொன்னோம். நான்தான் முதலில் ஓம் சொன்னேன், மனைவி இல்லை.

இரண்டாவது வீடியோ எடுக்கும்போது மகள் பாதியில் நிறுத்தி, "அப்பா, திருப்பிச் சொல்லவா? முதல் சொன்னது வடிவா வரேல்லை" என்றாள். அதுகூடப் பரவாயில்லை, நடிக்கிறது பிள்ளைகளுக்கு விளையாட்டு. அடுத்த கிழமை ஃபோன் ஒரு மூலையில் சார்ஜில் கிடந்தது. மாமி, "என்ன வேணும் குஞ்சு?" என்று கேட்க, மகள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். "தமிழில சொல்லம்மா" என்றேன். "பட் யூ ஆர் நொட் ரெக்கோர்டிங்" என்றாள்.

மிச்ச இரண்டு வீடியோவுக்கான காசைத் திருப்பி அனுப்பினோம். போட்ட வீடியோக்களைப் பிரைவேட் ஆக்கினோம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கதைக்கிறதுக்கு இருந்த காரணமே அம்மம்மாதான், அந்த இடத்தில் நான் கொண்டுபோய் ஃபோனை வைத்துவிட்டேன். திருப்பிச் சரிப்படுத்த மாதக்கணக்கில் எடுத்தது.

சரி, நீங்கள் கேட்டது காசைப் பற்றி. அந்தக் கணக்கிலும் முகம் ஒரு மோசமான நீஷ் என்பதுதான் என் வாதம்.

முகம் வயசுக்கு வரும். அஞ்சு வயசில் பிட்டுக்கு அதட்டுகிறவள் ஒன்பது வயசில் கமராவைக் கண்டால் அறைக்கதவைச் சாத்துவாள், பதின்மூன்றில் பழசை எல்லாம் அழிக்கச் சொல்லுவாள். உங்கள் தொழிலின் ஒரே சொத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத ஒரு ஆள். எந்த ஆர்க்கிடெக்சர் மீட்டிங்கிலும் இப்படியொரு டிசைனைக் கொண்டுபோய் வைக்க மாட்டீர்கள்.

சட்டமும் பின்னாலே வருகிறது. பிரான்ஸ் 2020இலேயே சிறுவர் இன்ஃபுளுவென்சர்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இலினொய் மாநிலம், 2024 ஜூலை 1 முதல், வீடியோவில் வருகிற பிள்ளைக்கு வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கவேண்டும் என்றது. 2025இல் கலிஃபோர்னியாவும் அதே வழியில் போனது. மினசோட்டா, 14 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை இந்த வேலையில் ஈடுபடுத்தவே கூடாது என்கிறது. பிரித்தானியாவில் 2022இல் ஒரு பாராளுமன்றக் குழு, இங்கே சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, அடையுங்கள் என்று அறிக்கை எழுதியது. இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கிற மூலப்பொருளுக்கு நாளைக்கு விலை வரும். வரத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். பிள்ளைகள் பார்க்கிற வீடியோ ஒரு தொழில், பெற்றோர் பார்க்கிற வீடியோ வேறு தொழில். முதலாவதில் ரையன்ஸ் வேர்ல்ட் போன்ற சனல்கள் கோடிகளில் உழைத்தது உண்மை. ஆனால் 2019இல் சிறுவர் தரவு சேகரித்த வழக்கில் கூகுளும் யூடியூபும் 170 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டபின், 2020 ஜனவரியிலிருந்து சிறுவர்களுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் ஆளுக்கேற்ற விளம்பரமும் இல்லை, கொமென்ட்ஸும் இல்லை. சின்னச் சனலுக்கு அந்தக் கதவு ஒடுங்கிவிட்டது.

பெற்றோருக்கான வீடியோவில் விளம்பரக் காசை மட்டும் நம்பினாலும் கஷ்டம். 1,000 சப்ஸ்கிரைபர், ஒரு வருஷத்தில் 4,000 மணித்தியாலம் பார்வை என்ற படியைத் தாண்டினால் நீண்ட வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் உங்களுக்கு. ஆனால் விளம்பரத்தின் விலை, பார்க்கிற ஆள் எங்கே இருக்கிறார் என்பதில் தங்கியிருக்கிறது. நீங்கள் லண்டனில் இருந்து தமிழில் போடுகிற வீடியோவை மதுரையிலும் வவுனியாவிலும் பார்த்தால், பார்வை ஏறும், காசு அந்த அளவுக்கு ஏறாது. அதனால் எங்களுக்குச் சின்னக் கூட்டம், கூர்மையான பிரச்சினை, கையில் கொடுக்கக்கூடிய ஒரு பொருள். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தைத்தான் தேடவேண்டும்.

தேடும்போது ஒரு விஷயம் மறக்கக்கூடாது: பெற்றோர் தங்கமாட்டார்கள். ஆறு மாதத்தில் பிள்ளைக்கு முதல் சாப்பாடு எப்படிக் கொடுப்பது என்று வருகிற தாய், பிள்ளைக்கு ஒன்றரை வயசு ஆனதும் போய்விடுவா. வேறொரு தாய் அதே கேள்வியோடு வருவா. ஆகவே சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை வெறும் அலங்காரம். வருஷா வருஷம் புதிய ஆட்கள் கேட்கிற பழைய கேள்வி, அதுவும் பிழையான பதில் கிடைத்தால் காசோ நித்திரையோ போகிற கேள்வி, அதுதான் நீஷ்.

எனக்குக் கிடைத்தது எங்கள் ஆட்களின் நேர்சரிக் கணக்கு. இங்கிலாந்தில் 2025 செப்டெம்பரிலிருந்து வேலைக்குப் போகிற பெற்றோரின் ஒன்பது மாதப் பிள்ளைக்கே கிழமைக்கு 30 மணித்தியாலம் அரசாங்கச் செலவில் கிடைக்கிறது, வருஷத்தில் 38 கிழமை. அதோடு டக்ஸ் ஃப்ரீ சைல்ட்கெயார்: நீங்கள் 8 பவுண் போட்டால் அரசாங்கம் 2 பவுண் போடும், ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 2,000 பவுண் வரை. ஆனால் தாய், தகப்பன் இருவரில் ஒருவரின் சரிக்கட்டிய வருமானம் 100,000 பவுணை ஒரு பவுணால் தாண்டினாலும் இரண்டும் போய்விடும். ஆளுக்கு 99,000 உழைக்கிற சோடிக்குக் கிடைக்கும், ஒருவர் 101,000, மற்றவர் 20,000 என்றால் கிடையாது. கொன்ட்ராக்டருக்கு இன்னொரு பொறி. சொந்தக் கொம்பனியிலிருந்து எடுக்கிற டிவிடென்ட், அந்த 100,000 கணக்கில் சேரும், ஆனால் தகுதி பெறத் தேவையான குறைந்தபட்ச உழைப்பில் சேராது. மேலதிகமாக, செப்டெம்பர் தவணைக்கு ஓகஸ்ட் 31க்குள் விண்ணப்பிக்கவேண்டும், பிறகு மூன்று மாதத்துக்கொரு தரம் உறுதிப்படுத்தவேண்டும். மறந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு தரம் மறந்தேன்.

இதையெல்லாம் ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் போட்டு, திகதி நினைவூட்டலோடு 9 பவுணுக்கு விற்கிறேன். கூடவே முகம் காட்டாத ஆறு வீடியோ, திரையும் என் குரலும் மட்டும். கேட்பதற்கே நித்திரை வரும், தெரியும். ஆனால் கணக்குப் பிழைத்து ஆயிரக்கணக்கில் இழந்த ஆளுக்கு நித்திரை வராது. ஒரு எச்சரிக்கை: விதி என்ன என்று விளக்கலாம், ஆனால் இந்தப் பென்ஷனில் போடு, அந்த முதலீட்டில் போடு என்று அனுமதியில்லாமல் விளம்பரப்படுத்தினால் இங்கே அது குற்றம், சிறைவரை போகலாம்.

உங்களுக்கு வரிக்கணக்கு பிடிக்காவிட்டால், எங்கட வீடுகளுக்குள்ளேயே இன்னும் கிடக்கிறது. அம்மம்மா சொல்வதற்கும் ஹெல்த் விசிட்டர் சொல்வதற்கும் நடுவில் நிற்கிற தாயை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நாக்கில் தேன் தடவச் சொல்கிறா, மறுபக்கம் ஒரு வயசுக்குக் கீழ் தேனே கூடாது என்கிறா. கண்மை, வசம்பு, எண்ணெய் வைத்துக் குளிக்க வார்க்கிறது, 31 நாள் துடக்கு, எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடவேண்டும், மாமியிடம் அதை எப்படிச் சொல்வது? தகுதியுள்ள ஒரு மருத்துவிச்சியோ தாதியோ எங்கட பாஷையில் இதைச் செய்தால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். தகுதி இல்லாவிட்டால் தொடாதீர்கள். அதற்குப் பக்கத்தில் பத்தியச் சாப்பாடு இருக்கிறது. பிள்ளைப்பேறு முடிந்து தாய் இங்கே வர விசா கிடைக்காத பெண்கள் எத்தனை பேர்! சரக்குத்தூள் அரைத்து, சமைக்கிற முறையை வீடியோவில் காட்டி விற்கலாம், உணவுத் தொழில் பதிவு மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

எழுத்தும் இருக்கிறது. எங்கட தலைமுறையில் கனபேர் தமிழ் கதைப்போம், வாசிக்கமாட்டோம். 247 எழுத்தைப் பிள்ளைக்கு முதல் நாங்கள் படிக்கவேண்டும். பெற்றோருக்கான எழுத்துப் பாடம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வீட்டுவேலைக்கு ஒரு கிழமை முந்தி ஓடுகிற மாதிரி. அப்படியொன்று இருந்தால் நானே காசு கட்டுவேன்.

தொடக்கூடாத ஒன்றும் சொல்லவேண்டும். பிறந்த பிள்ளைக்கான பால்மாவை இங்கே பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே முடியாது, கமிஷன் லிங்க் போடுவதும் அதற்குள் அடங்கும். வேறு எதற்குக் காசு வாங்கினாலும் விளம்பரம் என்று முதலிலேயே போடுங்கள். வருஷத்துக்கு 1,000 பவுணுக்கு மேல் வந்தால் வரித் திணைக்களத்துக்கும் சொல்லுங்கள்.

நீஷ் தேட எந்தக் கருவியும் வாங்காதீர்கள். உங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவை மூன்று மாதம் பின்னோக்கி வாசித்து, திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைக் கொப்பியில் எழுதுங்கள். நான் பைத்தனில் எழுதித்தான் எண்ணினேன், ஆனால் அது வியாதி.

மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. முகம் காட்டாத சனல் நத்தை மாதிரி வளருது என்கிறா, அது உண்மை. பதினொரு மாதத்தில் ஸ்பிரெட்ஷீட் 1,400 பவுண் சொச்சம் கொண்டுவந்தது, அதில் பாதி ஓகஸ்டில். அந்தக் கொம்பனியின் நாலு வீடியோ அந்தத் தொகையை ஒரு மாதத்தில் எட்டியிருக்கும். கண்ணும் மூக்கும் தெரியாமல், பிள்ளையின் கையை மட்டும் எடுத்தால் என்ன என்று போன கிழமை கேட்டா. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பிட்டு வீடியோ மாமியின் ஃபோனில் இன்னும் இருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் ஆர் ஆருக்கு அனுப்பினா என்று நான் கேட்கவில்லை.