பாசியும் பூச்சும்

நீரில் மிதப்பதையும் பாறையில் மெத்தையாய்ப் படர்வதையும் தமிழில் பாசி என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். தாவரவியலில் இவை வேறு வேறு. பாறைப்பாசிக்கு இப்போது மருந்தும் அழகுப் பூச்சுமாகப் புதுமதிப்பு கூடிவருவதால் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

இதன் மருத்துவக் குணம் வெறும் நம்பிக்கையன்று. முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரித்தானியப் படைவீரர்களின் காயங்களுக்கு ஸ்காட்லாந்துச் சதுப்புகளின் ஸ்பேக்னம் பாசியை உலர்த்திக் கட்டினார்கள். அது தன் எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரை உறிஞ்சக்கூடியது. அதன் அமிலத்தன்மை கிருமிகள் பெருகுவதையும் தடுக்கிறது.

இன்று பிஸ்கோமிட்ரெல்லா என்னும் சிறுபாசியை ஜெர்மானியர் கலன்களில் வளர்க்கின்றனர். ஃபேப்ரி என்ற பரம்பரை நோயாளிகளுக்குக் குறைவுபடும் நொதியை அதிலிருந்து எடுத்து, மனிதரிடம் முதற்கட்டச் சோதனையும் நடத்தியிருக்கின்றனர். இதே பாசியின் சாறு முகப்பூச்சுகளிலும் சேர்கிறது.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. மருந்து பல கட்டச் சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். பூச்சுக்கு அத்தனை கண்டிப்பு இல்லை. 'இயற்கையானது' என்ற ஒற்றைச் சொல்லே அங்கு பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

என் அச்சம் வேறு. சதுப்பில் மக்கிய பாசி ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் படிகிறது. ஒரு முழம் படிய நூற்றாண்டுகள் ஆகும். வெட்டியெடுக்க ஒரு நாள் போதும். ஆகவே பாசியின் பெயரால் எதை வாங்கினாலும், அது கலனில் வளர்ந்ததா, காட்டில் சுரண்டியதா என்று கேட்போம். விடை கிடைக்காவிட்டால் வாங்காதிருப்பதே முறை.